மலிவு விலை கேம் கீ: நான்கு கடைகள், ஒரு கணக்கு

பொங்கல் விடுமுறைக்கு முந்தைய இரவு தஞ்சாவூரிலிருந்து அக்கா மகன் ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவன் மூன்று மாதமாகக் கண்வைத்திருக்கும் கார் பந்தய கேம், கணினி கேம்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2,000 ரூபாய். படத்தில் இருந்த தளத்தில் அதே கேமின் கீ, அதாவது ஸ்டீமில் தட்டினால் கேமை நம் கணக்கில் ஏற்றும் குறியீடு, 1,150 ரூபாய். விலைக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை: 68 சதவீதத் தள்ளுபடி. கீழே ஒரு வரி: "மாமா, வாங்கட்டுமா? இல்லை, இது ஏமாற்று வேலையா?"

நான் பதிலுக்கு ஒரு கணக்குக் கேட்டேன். 2,000 ரூபாய்ப் பொருள் 1,150க்குக் கிடைத்தால் தள்ளுபடி நாற்பத்திரண்டரை சதவீதம்தானே, 68 எங்கிருந்து வந்தது? பத்து நிமிடம் கழித்து அவனே கண்டுபிடித்துச் சொன்னான். அந்தத் தளம் ஐரோப்பிய விலையான 40 யூரோவிலிருந்து கழித்துக் காட்டியிருக்கிறது. யூரோவுக்கு 90 ரூபாய் என்று வைத்தால் 3,600 ரூபாய். அந்த விலையை இந்தியாவில் யாரும் கொடுப்பதே இல்லை.

போலி கீயைக் கொடுத்துவிட்டு ஓடுகிறவன் ஒரு பக்கம் இருக்கட்டும். நல்ல கீயே கொடுத்தாலும், இல்லாத லாபத்தை இருப்பதாகக் காட்டும் விலைப்பட்டை இருக்கிறதே, அதில் விழாதவர்கள் குறைவு. நாம் எல்லோரும் மலிவு கீயை அசல் கடையின் இன்றைய விலையோடு ஒப்பிடுகிறோம். அதே கடை சில மாதங்களுக்கு ஒருமுறை போடும் தள்ளுபடி விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிப் பேர் கார்டை எடுக்கவே மாட்டார்கள்.

## எதை வைத்து எடைபோடுவது

கடையைப் பார்ப்பதற்கு முன்னால் கீ என்றால் என்ன என்று தெரிந்துகொள்வது நல்லது. ஸ்டீம் கீ பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று தொகுதிகள், மொத்தம் பதினைந்து எழுத்துகளும் எண்களும். கேமை உருவாக்கிய நிறுவனம் கேட்டால் ஸ்டீமை நடத்தும் வால்வ் இந்தக் கீகளை இலவசமாக உருவாக்கிக் கொடுக்கிறது. ஸ்டீம் கடையில் விற்றால் வழக்கமாக 30 சதவீதம் வால்வுக்குப் போகும். வெளியே கீயாக விற்றால் அந்தப் பங்கு கிடையாது. ஆகவே வெளியே ஒரு கீ மலிவாக இருப்பதே குற்றம் என்று நினைக்க வேண்டாம். நியாயமான வழியிலும் விலை குறையும்.

நான் பார்ப்பது இவற்றை. கீ யார் கையிலிருந்து புறப்பட்டது? எல்லாக் கட்டணமும் சேர்த்துக் கடைசியில் எவ்வளவு? நம் நாட்டுக் கணக்கில் அது இயங்குமா? இயங்காவிட்டால், அல்லது ஆறு மாதம் கழித்து ரத்தானால், பதில் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா? இவற்றோடு பலர் மறந்துவிடும் கேள்வி ஒன்றும் உண்டு: பணத்தைத் தவிர வேறு எதைப் பணயம் வைக்கிறோம்? பத்து வருடம் சேர்த்த ஸ்டீம் கணக்கு போனால் ஆயிரம் ரூபாயோடு நிற்காது.

## நேரடிக் கடை: ஸ்டீம், எபிக், ஜிஓஜி

கீ எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இங்கு இடமில்லை. வாங்கியதும் கேம் நேராக உங்கள் கணக்கில் ஏறிவிடும். ஸ்டீம் 2015 நவம்பரிலிருந்து இந்தியாவில் ரூபாயில் விலை காட்டுகிறது; யுபிஐயில் கட்டலாம். ரூபாய் விலை என்பது டாலரை அப்படியே பெருக்கிய தொகை அல்ல. பல வெளியீட்டாளர்கள் இந்தியாவுக்கென்று குறைத்தே வைக்கிறார்கள். என் மருமகன் விஷயத்தில் 3,600க்கும் 2,000க்கும் இடையிலான வித்தியாசம் அதுதான். இலங்கையில் இருப்பவர்களுக்கு விலை டாலரில் தெரியும் என்றாலும், தெற்காசியாவுக்கென்று ஒரு தனி விலைப்பட்டியல் இருக்கிறது. பல கேம்கள் அமெரிக்க விலையைவிட அதில் குறைவு.

இந்தக் கடையின் பெரிய பலம் பணம் திரும்பப் பெறும் வசதி. வாங்கி 14 நாளுக்குள், விளையாடியது 2 மணி நேரத்துக்குள் என்றால் காரணம் எதுவாக இருந்தாலும் ஸ்டீம் பணத்தைத் திருப்பித் தருகிறது. 2015 ஜூனில் வந்த ஏற்பாடு இது. எபிக் கடையிலும் ஏறக்குறைய இதே விதி. ஜிஓஜி இன்னும் தாராளம்: 30 நாள், விளையாடியிருந்தாலும் கேட்கலாம். அங்கே வாங்கும் கேம்களில் நகலெடுப்பதைத் தடுக்கும் பூட்டு எதுவும் கிடையாது. இறக்கிய கோப்பைத் தனி ஹார்டு டிஸ்க்கில் போட்டு வைத்துக்கொள்ளலாம், கடையே மூடினாலும் கேம் உங்களிடம் இருக்கும். வெளியே வாங்கிய கீயை ஸ்டீமில் ஏற்றினால் ஸ்டீமின் இந்தத் திரும்பப்பெறும் உரிமை அதற்குப் பொருந்தாது. மலிவு கீக்கு நீங்கள் கொடுக்கும் முதல் மறைமுக விலை இதுதான். 'என் லேப்டாப்பில் இந்த கேம் ஓடுமா' என்ற சந்தேகம் இருப்பவர்கள் இதை இரண்டு முறை படிக்கவும்.

இன்னொரு சின்ன விஷயம். ஸ்டீம் கடையில் குறைந்தது 5 டாலர் மதிப்புக்குச் செலவிடாத கணக்கு கட்டுப்பாடுள்ள கணக்காகவே இருக்கும். நண்பர்களுக்கு அழைப்பு அனுப்புவது போன்ற பல வசதிகள் திறக்காது. வெளியே வாங்கிய கீகளை எத்தனை ஏற்றினாலும் அந்த 5 டாலர் கணக்கில் சேராது.

குறை என்றால், விடுமுறை காலத் தள்ளுபடி இல்லாத நாளில் விலை உச்சத்தில் இருக்கும். வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என நான்கு பெரிய விற்பனைகள், இடையில் வெளியீட்டாளர்கள் தனியாக நடத்தும் சிறு விற்பனைகள். கேமை விருப்பப்பட்டியலில் சேர்த்துவிட்டால் விலை இறங்கும்போது மின்னஞ்சல் தானாக வரும். ஸ்டீம்டிபி தளத்தில் கேமின் பெயரைத் தட்டினால் இதுவரை இந்திய ரூபாயில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பது வரைபடமாகத் தெரியும். கீ வாங்கத் துடிக்கும் கையை முதலில் அந்தப் பக்கத்துக்குக் கொண்டுபோங்கள்.

## அனுமதி பெற்ற விற்பனையாளர்: ஹம்பிள், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் வகை

இவர்கள் வெளியீட்டாளரிடமிருந்தே கீயைப் பெற்று விற்கிறார்கள். தங்கள் லாபத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து விலையைக் குறைக்கிறார்கள். புதிதாக வரும் கேமுக்கு ஸ்டீமில் பத்து சதவீதம் கூடக் குறையாத நேரத்தில் இங்கே பதினைந்து, இருபது சதவீதம் குறைவது சாதாரணம். பல கேம்களைத் தொகுப்பாக வாங்குகிறவர்களுக்கு இன்னும் கொள்ளை மலிவு. 2010இல் தொடங்கிய ஹம்பிள் பண்டிலில் பணத்தின் ஒரு பகுதி அறக்கட்டளைக்கும் போகிறது.

அனுமதி என்பது கடைக்கு ஒட்டுமொத்தமாகக் கிடைப்பது அல்ல, ஒவ்வொரு கேமுக்கும் தனித்தனி. 2015 மே மாதம் 'தி விட்சர் 3' வெளிவந்தபோது கிரீன் மேன் கேமிங் அதைக் குறைந்த விலையில் விற்றது. அந்தக் கீகள் எங்கிருந்து போயின என்று தங்களுக்குத் தெரியாது என்று கேமை உருவாக்கிய சிடி ப்ராஜெக்ட் சொன்னது. பெயர் பெற்ற கடையிலேயே இப்படி ஒரு குழப்பம் நடந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் வெளியீட்டாளரின் தளத்தில் வாங்குமிடங்கள் என்று கொடுத்திருக்கும் பட்டியலைப் பார்க்கலாம். இஸ் தேர் எனி டீல் என்ற விலை ஒப்பீட்டுத் தளம் அனுமதி பெற்ற கடைகளை மட்டுமே பட்டியலிடுகிறது. ஜிஜி டீல்ஸ் தளம் அனுமதி பெற்ற கடைகளையும் மறுவிற்பனைக் கடைகளையும் தனித்தனிப் பட்டியலாகப் பிரித்துக் காட்டுகிறது. இந்த இரண்டில் ஒன்றிலிருந்து இணைப்பைத் தொட்டுப் போவது நல்லது. தேடுபொறி விளம்பரத்தில் ஓர் எழுத்தை மாற்றி அச்சாக அதே முகப்போடு நிற்கும் போலிக் கடைகள் உண்டு.

மறைமுகச் செலவு மூன்று இடத்தில் ஒளிந்திருக்கும். விலை டாலரிலோ பவுண்டிலோ இருந்தால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை நாமே செயலியில் திறந்துவிட வேண்டியும் இருக்கும். இரண்டாவது, "கீயைக் காட்டு" என்ற பொத்தான். அதைத் தொடும் வரை பெரும்பாலான கடைகள் பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்கும், தொட்டபின் கதவு மூடிவிடும். தொடுவதற்கு முன் கீழே பொடி எழுத்தில் எந்தெந்த நாடுகளில் இயங்கும் என்று கொடுத்திருப்பார்கள். அதைப் படித்துவிட்டுத் தொடுங்கள். மூன்றாவது, காலாவதித் தேதி. தொகுப்பில் வந்த சில கீகளுக்குக் கடைசி நாள் உண்டு. 'அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று மின்னஞ்சலில் போட்டு வைத்து இரண்டு கேமைத் தவறவிட்ட அனுபவம் எனக்கே இருக்கிறது.

புது கேமை வெளியான வாரத்திலேயே விளையாட வேண்டும், ஆனால் முழு விலையும் கொடுக்க மனமில்லை என்பவர்களுக்கு என் கை நீளும் இடம் இது.

## மறுவிற்பனைச் சந்தை: ஜி2ஏ, கிங்குவின், எனெபா வகை

கிரே மார்க்கெட் என்று விளையாடுகிறவர்கள் சொல்வது இதைத்தான். இந்தத் தளங்கள் பெரும்பாலும் கீயைத் தாங்களே விற்பதில்லை. யாரோ ஒரு விற்பனையாளர் கடை விரிக்க இடம் கொடுக்கின்றன. கோயம்பேட்டில் கடை எண் தெரியாமல் காய் வாங்குவது போல. காய் நன்றாகவே இருக்கலாம். அழுகியிருந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

அங்கே குவியும் கீகள் பல வழிகளில் வருகின்றன. தொகுப்பு வாங்கி வேண்டாத கேமை விற்கிறவர், விலை குறைந்த நாட்டில் மொத்தமாக வாங்கி விலை கூடிய நாட்டில் தள்ளுகிறவர், கடையை மூடும் சில்லறை வியாபாரி. இவையெல்லாம் விதிமீறலாக இருந்தாலும் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் அதே குவியலில் திருட்டும் கலந்திருக்கிறது. திருடிய கார்டு எண்ணை வைத்து ஒரு சிறு நிறுவனத்தின் தளத்தில் நூறு கீ வாங்குவார்கள். அன்றே சந்தையில் பாதி விலைக்கு விற்றுவிடுவார்கள். கார்டுக்குச் சொந்தக்காரர் மாதக் கடைசியில் பில்லைப் பார்த்துப் பதறி வங்கியில் புகார் கொடுப்பார். வங்கி பணத்தைப் பிடுங்கித் திருப்பித் தரும். கேம் நிறுவனத்துக்கு விற்ற பணமும் போய், அபராதக் கட்டணமும் விழும். அந்த நிறுவனம் செய்யக்கூடியது ஒன்றுதான்: அந்த நூறு கீயையும் ரத்து செய்வது. நூற்றில் ஒன்று உங்களிடம் இருக்கும்.

கேம் விமர்சகர் வேடமும் உண்டு. பிரபல யூடியூபரின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிய மின்னஞ்சலிலிருந்து "மதிப்புரைக்கு நான்கு கீ அனுப்புங்கள்" என்று சிறு நிறுவனங்களுக்குக் கடிதம் போகும். நம்பி அனுப்பினால் அரைமணி நேரத்தில் நான்கும் சந்தையில் இருக்கும்.

இவை கற்பனைப் புகார்கள் அல்ல. 2016இல் டைனிபில்ட் நிறுவனம், கடை விலையில் சுமார் 4,50,000 டாலர் மதிப்புள்ள தன் கேம்களின் கீகள் ஜி2ஏ சந்தையில் விற்கப்பட்டதாகவும் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னது. 2019இல் நோ மோர் ரோபோட்ஸ் என்ற வெளியீட்டாளரின் மைக் ரோஸ், அங்கே காசு கொடுத்து வாங்குவதற்குப் பதிலாக எங்கள் கேமைத் திருட்டுப் பிரதியாகவே இறக்கிக்கொள்ளுங்கள் என்று எழுதியது பெரும் பேச்சானது. திருட்டுக் கீ என்று நிரூபித்தால் இழப்பைப்போல் பத்து மடங்கு தருகிறோம் என்று ஜி2ஏ சவால் விட, 'ஃபேக்டோரியோ' கேமை உருவாக்கிய பிராகா நகர வூப் நிறுவனம் பட்டியலைக் கொடுத்தது. 198 கீகள் அந்தச் சந்தையில் விற்கப்பட்டவை என்று உறுதியாகி, 2020இல் 39,600 டாலர் கைமாறியது. அதே ஆண்டில் அந்தத் தளம் தனிநபர்கள் கேம் கீ விற்பதை நிறுத்தி, பதிவு பெற்ற வணிகர்களுக்கு மட்டும் என்று மாற்றியது. நிலைமை முன்பைவிடச் சீராகியிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் கீ எங்கிருந்து புறப்பட்டது என்பதை வாங்குகிறவர் தெரிந்துகொள்ள இன்றும் வழி இல்லை.

வாங்கியவர்களுக்கும் அடி விழுந்திருக்கிறது. 2015 ஜனவரியில் 'ஃபார் க்ரை 4' உள்ளிட்ட தன் கேம்களின் கீகளை யூபிசாஃப்ட் திடீரென ரத்து செய்தது. திருட்டுக் கார்டுகளால் வேறொரு கடையில் வாங்கப்பட்டு மறுவிற்பனைக்கு வந்த கீகள் அவை. கூச்சல் எழுந்த பிறகு, ஏற்கெனவே ஏற்றி விளையாடத் தொடங்கியவர்களுக்கு மட்டும் திருப்பிக் கொடுத்தது. எல்லா நிறுவனமும் அப்படி இரங்கும் என்று சொல்ல முடியாது.

என் கதை இதைவிடச் சின்னது. சில வருடங்களுக்கு முன் இப்படி ஒரு தளத்தில் ஒரு உத்தி விளையாட்டின் கீயை வாங்கினேன். சந்தோஷமாக நான்கு மாதம் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காபியோடு உட்கார்ந்து ஸ்டீமைத் திறந்தால் நூலகப் பட்டியலில் கேம் இல்லை. கணினியில் கோப்பு இருக்கிறது, உரிமம் இல்லை. கணக்கு விவரத்தில் உரிமங்கள் என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு கேமும் எந்தத் தேதியில், கடையில் வாங்கியதா, பரிசாக வந்ததா, சில்லறைக் கீயா என்று அதில் பதிந்திருக்கும். என் மற்ற கேம்களெல்லாம் இருந்த இடத்தில் இருக்க, அந்த வரியை மட்டும் காணவில்லை. விற்ற தளத்துக்கு எழுதினேன். பாதுகாப்புக் காலம் 30 நாள் என்று ஒரு வரியில் பதில் வந்தது. விற்பனையாளரின் கடைப் பக்கமே காணாமல் போயிருந்தது. போனது 600 ரூபாய்தான், ஆனால் சேமித்து வைத்திருந்த அறுபது மணி நேர ஆட்டம் பாதியில் நின்றது.

இங்கே விலையைக் கூட்டிப் பார்க்கும் கலையைத் தனியாகக் கற்க வேண்டும். மருமகனின் 1,150 ரூபாய்க் கீயையே எடுத்துக்கொள்வோம். பணம் கட்டும் பக்கத்தில் சேவைக் கட்டணம் 90 ரூபாய் சேர்ந்தது. வாங்குவோர் பாதுகாப்பு என்று தானாகவே டிக் போட்ட ஒரு கட்டம், 60 ரூபாய். ஆயிற்று 1,300. அவன் அப்பாவின் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் மூன்றரை சதவீதம், 45 ரூபாய் 50 காசு; அதன்மேல் ஜிஎஸ்டி எட்டு ரூபாய் சொச்சம். மொத்தம் 1,354. ஸ்டீம்டிபியில் அந்த கேமின் பழைய விலைகளைப் பார்த்தோம்: கடந்த குளிர்கால விற்பனையில் 800 ரூபாய்க்கு இறங்கியிருந்தது. சில தளங்களில் பெரிய எழுத்தில் தெரியும் விலை மாதச் சந்தாதாரர்களுக்கானது. சந்தாவில் சேர்க்கும் டிக்கை எடுக்க மறந்தால் மாதா மாதம் பணம் கழியும்.

அடுத்தது, தலைப்புக்குப் பக்கத்தில் உள்ள சின்னச் சொற்கள். ஒரே கேமின் பெயரில் நான்கு வகைச் சரக்கு அடுக்கியிருப்பார்கள். 'குளோபல்' என்றால் பொதுவாக எங்கும் இயங்கும் என்று சொல்கிறார்கள். 'ஐரோப்பா', 'லத்தீன் அமெரிக்கா' என்றால் இந்தியக் கணக்கில் ஏறாமல் போகலாம். 'கிஃப்ட்' அல்லது 'ஆல்டர்கிஃப்ட்' என்றால் கீயே இல்லை. யாரோ உங்களை ஸ்டீம் நண்பராகச் சேர்த்துக் கேமைப் பரிசாக அனுப்புவார், அனுப்பாமலும் போகலாம். 'அக்கவுண்ட்' என்று இருந்தால் அது அடுத்த பகுதியில் வரும் சரக்கு. பட்டியலில் எது மிகவும் மலிவோ அது பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும்.

நாட்டு விலை வித்தியாசத்தில் லாபம் பார்க்கும் வழியும் சுருங்கிவருகிறது. 2023 நவம்பரில் ஸ்டீம் துருக்கியிலும் அர்ஜென்டினாவிலும் உள்ளூர்ப் பணத்தை எடுத்துவிட்டு டாலர் விலைக்கு மாறியது. பரிசாக அனுப்புவதிலும், இரு நாட்டு விலைக்கும் இடையில் வித்தியாசம் அதிகமென்றால் ஸ்டீம் அனுமதிப்பதில்லை. சென்னையில் இருக்கும் அண்ணன் டொரொண்டோவில் இருக்கும் தம்பிக்கு ரூபாயில் வாங்கி அனுப்பலாம் என்று பார்த்தால் பல நேரம் நடக்காது.

இத்தனையும் சொல்லிவிட்டு, இங்கே வாங்குவதே நியாயமாகும் ஒரு நேரத்தையும் சொல்ல வேண்டும். கடையிலிருந்தே எடுக்கப்பட்ட கேம்கள். கார், பாடல் உரிமங்கள் முடிந்ததால் 'ஃபோர்ஸா ஹொரைசன் 4' 2024 டிசம்பரில் விற்பனையிலிருந்து விலகியது. அப்படிப்பட்ட கேமை இன்று வாங்க விரும்பினால் மிச்சமிருக்கும் கீகள்தான் வழி. விலை மலிவாக இருக்காது, ஏறியே இருக்கும். வாங்குமுன் அந்த கேம் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். யூபிசாஃப்ட் 'தி க்ரூ' கேமின் சர்வர்களை 2024 மார்ச் 31இல் நிறுத்திவிட்டது. அதன் கீ உண்மையானதாகவே இருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

வாங்கியே தீருவது என்றால்: விற்பனையாளரின் மதிப்பெண் 99 சதவீதம் என்பதைவிட எத்தனை ஆயிரம் விற்பனைக்குப் பின் அந்த மதிப்பெண் என்பதைப் பாருங்கள். கீயைத் திறக்கும் முன்பே திரைப் பதிவை ஓடவிட்டு, திறந்த கையோடு ஸ்டீமில் ஏற்றுங்கள். "இந்தக் கீ ஏற்கெனவே வேறொரு கணக்கில் பயன்படுத்தப்பட்டது" என்று வந்தால் அந்தப் பதிவு ஒன்றுதான் உங்கள் சாட்சி. பதற்றத்தில் திரும்பத் திரும்ப முயலவும் வேண்டாம். பல முறை தவறினால் ஸ்டீம் சற்று நேரத்துக்கு வழியை அடைத்துவிடும்.

## கணக்கையே விற்பவர்: டெலிகிராம், இன்ஸ்டாகிராம்

"4,000 ரூபாய் கேம், 120 ரூபாய் மட்டும், வாழ்நாள் உத்தரவாதம்." இங்கே கீ என்ற பேச்சே பெயருக்குத்தான். ஒரு கணக்கில் கேமை வாங்கி, அதன் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் ஐம்பது பேருக்கு விற்பார்கள். உள்ளே நுழைந்து, கேமை இறக்கி, இணையத்தைத் துண்டித்து விளையாட வேண்டும். 'ஆஃப்லைன் ஆக்டிவேஷன்' என்பார்கள். விண்டோஸைப் புதிதாகப் போட்டாலோ, கேமுக்குப் புதுப்பிப்பு வந்தாலோ மறுபடியும் அந்த ஆளின் வாசலில் நிற்க வேண்டும். தனிக் கணக்காகவே கைமாற்றிக் கொடுத்தாலும் உறுதியில்லை: முதலில் வாங்கியவர் தன் பழைய ரசீதை ஸ்டீம் உதவிக் குழுவிடம் காட்டி எப்போது வேண்டுமானாலும் கணக்கை மீட்டுக்கொள்ள முடியும். கணக்கை விற்பதும் வாங்குவதும் ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கே முரண் என்பதால் உங்கள் புகாரை அங்கே யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள்.

இதையும் தாண்டிய வகை ஒன்று உண்டு. பணம் கட்டியதும் கீக்குப் பதிலாக ஒரு வரிக் கட்டளையை அனுப்பி, விண்டோஸில் கட்டளைகளை இயக்கும் பவர்ஷெல் என்ற கருவியை நிர்வாகி அனுமதியோடு திறந்து ஒட்டச் சொல்வார்கள். ஒட்டினால் கேம் உண்மையிலேயே நூலகத்தில் தெரியும். உரிமம் வந்ததாக நினைப்பீர்கள். ஸ்டீம் மென்பொருளின் கோப்புகளைத் திருத்திப் பொம்மைக் காட்சி காட்டியிருப்பார்கள். கூடவே கணினிக்குள் வேறு என்ன நுழைந்தது என்பது அந்த வரியை எழுதியவருக்குத்தான் தெரியும். அதேபோல், "உறுதிசெய்ய இந்த கியூஆர் படத்தை உங்கள் ஸ்டீம் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள்" என்று யார் அனுப்பினாலும் தொடாதீர்கள். ஸ்கேன் செய்த நொடியில் உங்கள் கணக்குக்குள் அவர் நுழைந்திருப்பார்.

இந்தக் கடை யாருக்குப் பொருந்தும் என்று எழுத எனக்கு எதுவும் இல்லை.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | நேரடிக் கடை | அனுமதி பெற்ற விற்பனையாளர் | மறுவிற்பனைச் சந்தை | கணக்கு விற்பவர் |
|---|---|---|---|---|
| கீயின் மூலம் | கேள்வியே இல்லை | வெளியீட்டாளர் | தெரியாது | கீயே இல்லை |
| மறைமுகச் செலவு | காத்திருப்பு | செலாவணிக் கட்டணம் | சேவை, பாதுகாப்பு, செலாவணிக் கட்டணங்கள் | கணினியும் கணக்கும் |
| எந்த நாட்டில் இயங்கும் | கவலையில்லை | பொடி எழுத்தில் இருக்கும் | தலைப்பிலேயே படிக்க வேண்டும் | பொருந்தாது |
| பணம் திரும்புமா | 14 நாள், 2 மணி நேரம் (ஜிஓஜி 30 நாள்) | கீயைத் திறக்கும் வரை | தளத்தின் மனசு, சில நாள்கள் | இல்லை |
| எப்போது நல்லது | பெரும்பாலும் எப்போதும் | புது கேம், தொகுப்பு | கடையிலிருந்து நீங்கிய கேம் | – |

பட்டியலில் சேராத ஐந்தாவது வழியும் இருக்கிறது: வாங்காமலே விளையாடுவது. எபிக் கடை வாரம் ஒரு கேமையாவது இலவசமாகத் தருகிறது. ஒருமுறை எடுத்துவிட்டால் அது உங்களுடையது. 2024 செப்டம்பரில் முழுமையாக வந்த ஸ்டீம் ஃபேமிலிஸ் வசதியில் ஒரே வீட்டைச் சேர்ந்த ஆறு பேர் வரை கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். அண்ணனிடம் இருக்கும் கேமின் கீயைத் தம்பி தேடி அலைவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை: தம்பி அண்ணனின் கேமில் ஏமாற்று மென்பொருள் போட்டுப் பிடிபட்டால், அந்த கேமில் அண்ணனுக்கும் தடை விழும்.

## ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு

முதலில் விற்ற தளத்தில் புகார்ச் சீட்டு திறந்து, திரைப் பதிவை இணையுங்கள். கார்டில் கட்டியிருந்தால், தளம் கைவிட்ட பிறகு வங்கியிடம் அந்தப் பரிவர்த்தனை மீது முறையீடு செய்யலாம். யுபிஐயில் நாமே பின் எண் போட்டு ஒரு தனிநபருக்கு அனுப்பிய பணத்தைத் திருப்புவது பெரும்பாடு. டெலிகிராம் ஆட்கள் யுபிஐ மட்டும் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணம். அப்படிப் போன பணத்துக்கு உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் பல கணக்குகள் தாண்டிப் போய்விடும். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். "பணத்தை மீட்டுத் தருகிறேன், கட்டணம் 300 ரூபாய்" என்று வருகிறவர் அதே கும்பலின் அடுத்த கிளை.

கடவுச்சொல்லை எங்காவது தட்டியிருந்தால், பணத்தை மறந்துவிட்டுக் கணக்கைப் பாருங்கள்: கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறி, உள்நுழைவை இரண்டாவது முறை சரிபார்க்கும் 'ஸ்டீம் கார்ட்' (Steam Guard) பாதுகாப்பை இயக்குங்கள்.

மருமகன் அந்தக் கீயை வாங்கவில்லை. முணுமுணுத்துக்கொண்டே விருப்பப்பட்டியலில் போட்டான். மார்ச் மாதம் வசந்தகால விற்பனை தொடங்கிய இரவு அவனுக்கு மின்னஞ்சல் வந்தது, 800 ரூபாய். என்னிடம் கேட்காமலே வாங்கினான். ஒரு மணி இருபது நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி சோப்பில் வழுக்குவது போல இருக்கிறது மாமா, பிடிக்கவில்லை என்று பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டான். சில நாளில் 800 ரூபாயும் அவன் ஸ்டீம் வாலட்டுக்கு வந்தது. நேற்று வேறொரு கேமின் ஸ்கிரீன்ஷாட் வந்திருக்கிறது.